சாய்ந்து நடந்தவள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பருவங்கள் ஏன் மாறுகின்றன என்று காட்ட, லில்லிபாய் டீச்சர் வகுப்பின் நடுவே ஸ்டூல் போட்டு அதன்மேல் எரியும் டார்ச்சை வைத்தார். அது சூரியன். பூமியாகத் தங்கக்கனியைக் கூப்பிட்டார். "ஒரு பக்கமாச் சாய்ஞ்சுகிட்டே சுத்தி வா. அந்தச் சாய்வாலதான் வெயில்காலமும் மழைக்காலமும் மாறி மாறி வருது." "பூமி நின்னுட்டா டீச்சர்?" என்று யாரோ கேட்டார்கள். "நின்னா அவ்வளவுதான், எல்லாரும் காலி!" டீச்சர் சிரிக்கவும் கடைசி மணி அடித்தது.

ஆசிரியர் கூட்டம் முடிந்து, மழையில் குடை எடுக்க வகுப்புக்குத் திரும்பி வந்த டீச்சர் வாசலிலேயே உறைந்துவிட்டார். டார்ச் மங்கியிருந்தது. தங்கக்கனி தோள் சாய்த்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒன்னுக்குப் போகக்கூட நிற்காததில் பாவாடை நனைந்திருந்தது.

"ஏ பிள்ள, போதும், நில்லு!"

"எல்லாரும் செத்துருவாங்க டீச்சர்."

டீச்சர் ஓடிப்போய் அவளை வாரித் தூக்கினார். சின்னக் கால்கள் காற்றில் உதைத்து ஓய்ந்தன. சட்டென்று மழைச் சத்தம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே, ஓட்டு விளிம்பிலிருந்து விழுந்த துளிகள் மண்ணைத் தொடாமல் பாதி வழியில் நின்றன. பறக்க எழும்பிய காக்கை விரித்த சிறகோடு அந்தரத்தில் இருந்தது. டீச்சர் சிறுமியை இறக்கிவிட்டார். அவளால் நிற்க முடியவில்லை, அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். டீச்சர் செருப்பை உதறிவிட்டு ஸ்டூலைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். துளிகள் அசையவில்லை. இன்னும் வேகமாக நடந்தார்.

தரையிலிருந்து தங்கக்கனி மூச்சு வாங்கச் சொன்னாள்: "சாயணும் டீச்சர்."