ரோண்டா விற்ற ரிவால்வர்

லோனிக்கு வெட்கமே கிடையாதா என்று ரோண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வேலை பார்த்த துப்பாக்கிக் கடையில், கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றவர் வெர்ன். அந்த ஊர்ப் பள்ளிப் பேருந்தைக் காலமெல்லாம் ஓட்டியவர். போன மாதம்தான் மனைவியை அடக்கம் செய்தார். தனியாக இருக்கிறேன், ஊர் கெட்டுக்கிடக்கிறது, வெளியே போகும்போது சட்டைக்குள் வைத்துக்கொள்ள ஒரு சின்ன ரிவால்வர் வேண்டும் என்றுதான் கேட்டார். எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. கடைக்காரர் லோனி விட்டால்தானே!

"ரிவால்வரா? அது அந்தக் காலத்துச் சாமான் வெர்ன். அஞ்சே தோட்டா. தோட்டா போடுற உருளை வேற சட்டைக்கு வெளியே புடைச்சுக்கிட்டு நிக்கும். பிஸ்டலைப் பாரு, தட்டையா இருக்கு, பத்து தோட்டா பிடிக்கும்."

"எனக்கு எது போதும்னு எனக்குத் தெரியும்."

லோனி அதைக் காதில் வாங்கவே இல்லை. ஒவ்வொரு பிஸ்டலாக எடுத்து விரிப்பில் பரப்பினார். எல்லாமே ரிவால்வரைவிட விலை கூடியவை. சுடுவதற்கு முன் இழுக்க வேண்டிய மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துப் பார்க்கச் சொன்னார். மூட்டுவலியில் வீங்கிய விரல்களால் வெர்னுக்கு இழுக்க வரவில்லை. இன்னொரு முறை முயன்றார். அப்போதும் வழுக்கியது.

"பஸ் கியரைப் போட்ட கையா இது?" என்று லோனி சிரித்தார்.

ரோண்டாவுக்குப் பொறுக்கவில்லை. அவள் அம்மா குடித்துவிட்டு எழுந்திருக்காத காலைகளில், இவள் தலைகூட வாராமல் ஓடி வரும்வரை பேருந்தை நிறுத்தி வைத்திருந்த மனிதர் அவர். துக்கத்தில் இருப்பவரிடமும் லோனி காசு கறக்கப் பார்க்கிறாரே, இதெல்லாம் ஒரு பிழைப்பா?

சனிக்கிழமை சுடுதளத்துக்கு வா, இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கு என்றார் லோனி. இன்றைக்கே வேண்டும் என்றார் வெர்ன். அப்படியானால் உள்ளே இன்னொரு மாடல் இருக்கிறது, அதையும் பார்த்துவிடு என்று பின்னறைக்குப் போன லோனி கதவைச் சாத்திக்கொண்டார். யாருடனோ போனில் பேசுவது கேட்டது. பேச்சு நீண்டுகொண்டே போனது.

வெர்ன் தொப்பியை எடுத்து மாட்டினார். "வேற கடைக்குப் போறேன் கண்ணு."

"இருங்க மிஸ்டர் வெர்ன். நான் தரேன்."

வேலை போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டாள். குற்றப் பதிவு ஏதும் உண்டா என்று அவர் பெயரைக் கணினியில் போட்டுப் பார்த்தாள். விற்கலாம் என்று உடனே பதில் வந்தது. விலையிலும் கொஞ்சம் குறைத்தாள். ரிவால்வரைச் செருகிக்கொள்ள இடுப்பு உறை எடுத்துக் காட்டட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையாட்டினார்.

வாசல்வரை கூடவே போனாள். "நீ எப்பவுமே நல்ல பொண்ணு" என்று அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார் வெர்ன். அவருடைய டிரக் நெடுஞ்சாலையில் திரும்பும்வரை நின்று கையசைத்தாள். வெகுநாளைக்குப் பிறகு மனசு நிறைந்திருந்தது.

திரும்பி வந்தால் லோனி நின்றுகொண்டிருந்தார். கையில் எந்த மாடலும் இல்லை.

"வெர்ன் எங்கே?"

"கேட்டதைக் கொடுத்து அனுப்பிட்டேன். எல்லார்கிட்டயும் லாபம் பார்க்கக் கூடாது லோனி. என்னை வேலையை விட்டு அனுப்பணும்னா தாராளமா அனுப்புங்க."

அவர் சத்தம் போடவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"உறை வாங்கினானா?"

"வேண்டாம்னுட்டார்."

"கூடவே வெச்சுக்கிட்டுத் திரியப் போறவன் முதல்ல உறையைத்தான் கேப்பான் ரோண்டா. அவன் ஊருக்குப் பயந்து வாங்கலை." அவர் டிரக் சாவியைத் தேடி எடுத்தார். "நேத்து அவன் நாயை என் வீட்டுல கொண்டுவந்து விட்டுட்டு, இனி நீயே வெச்சுக்கோன்னு சொல்லிட்டுப் போனான். அவன் எதிர்ல உன்கிட்ட எதையும் சொல்ல முடியலை. அவன் மகளைக் கூப்பிட்டிருக்கேன், வந்துட்டிருக்கா. அவ வந்து சேர்ற வரைக்கும் அவனைப் பேச்சுல பிடிச்சு நிறுத்தத்தான் அத்தனை பிஸ்டலையும் எடுத்துப் போட்டேன்."