இங்கிதம் தெரிந்தவர்

“காலங்காலமா நாங்க வலை போடுற எடம். அங்க இவன் எதுக்குப் படகை உட்டான்? கேளுய்யா!”

மொழிபெயர்த்துச் சொல்ல நின்ற துபாஷி ஆபிரகாமைப் பார்த்துக் கத்தினாள் அங்காளம்மாள்.

பழவேற்காட்டுக் கோட்டை வாசலில் ஒல்லாந்து அதிகாரி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஒல்லாந்துச் சிப்பாய்கள். எதிரே கை கட்டப்பட்டுக் கிடந்தான் அவள் புருஷன் தருமலிங்கம்.

முகத்துவாரத்தில் அவன் விரித்த வலை, ஒல்லாந்துக் கம்பெனிப் படகின் சுக்கானில் சுற்றிப் படகு கவிழ்ந்துவிட்டது. பெண்டாட்டி வந்து மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் அடிமைக் கப்பலில் ஏற்றி, கடல் கடந்த பத்தாவியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர் யாரும் திரும்பியதில்லை.

இவளோ சண்டைக்கு நிற்கிறாள்!

“தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்கிறாள், துரை,” என்றார் ஆபிரகாம், ஒல்லாந்து மொழியில்.

“அதற்கு ஏன் கத்துகிறாள்?”

“கடற்கரை ஜனங்கள், துரை. அலைச் சத்தத்திலேயே பேசிப் பழக்கம்.”

அதோடு விட்டாளா? குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரி அதிகாரி மேலேயே தூற்றினாள்.

“நீயும் உன் கோட்டையும் மண்ணோட மண்ணா போவணும்!”

சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள்.

“என்ன இது?” என்றார் அதிகாரி.

“வாழ்த்து, துரை. இந்த மண்ணைப் போல உங்கள் செல்வம் பெருகட்டுமாம்.”

அதிகாரி அவரையே உற்றுப் பார்த்தார். பொய் சொன்ன துபாஷிக்கும் அதே கப்பல்தான். ஆபிரகாம் தன் பிள்ளைகளை நினைத்துக்கொண்டார்.

“அவனை அவிழ்த்துவிடுங்கள்.”

புருஷனை இழுத்துக்கொண்டு போகிற போக்கில் அங்காளம்மாள் ஆபிரகாமின் காலடியில் காறித் துப்பினாள்.

“தொரை, தொரைனு இன்னா கொழையிற! தூ, இதெல்லாம் ஒரு பொழப்பா?”

ஆபிரகாமுக்கோ உயிர் தப்பியதே பெரிது. சிப்பாய்களும் கலைந்து போனார்கள்.

“ஆபிரகாம், நில்லு.”

குரல் தமிழில் வந்தது. ஆபிரகாம் திடுக்கிட்டுத் திரும்பினார்.

அதிகாரி சட்டையிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். “என்னை வளத்த ஆயா இங்க பக்கத்துத் தோணிரேவுக்காரி. கோவம் வந்தா அவளும் இப்படித்தான் மண்ணை வாரித் தூத்துவா.”

“அப்போ... அவ பேசுனது எல்லாமே...?”

“சிப்பாய்ங்க முன்னாடி அது எனக்குப் புரிஞ்சிருந்தா, அவளையுமில்ல கப்பல்ல ஏத்தியிருக்கணும்?”

எழுந்து உள்ளே போகப் போனவர், வாசலில் நின்று திரும்பினார்.

“யார்கிட்டயும் சொல்லிடாத. எனக்குத் தமிழ் தெரியாது.”