உள்ளே கழுவாத எஞ்சின்

“மெக்கானிக் நீ ஒருத்தி, வெல்டிங் அடிக்க உன் வீட்டுக்காரர் ஒருத்தர், எடுபிடிக்கு உன் நாத்தனார் ஒருத்தி, வேடிக்கை பார்க்க நான் ஒருத்தன். நாலு பேர் நின்னு ஒரு வளைஞ்ச குழாயைக் கழுவ அரை நாளாம்மா?”

கறுப்புக் கண்ணாடிக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மணி இரண்டு. நாலு மணிக்குப் படகு எஞ்சினை வாங்க ஆள் வருகிறது. கறுப்புப் புகை கக்காமல் ஓடினால்தான் கைமாறும். அதற்காகவே வேறொரு துறைமுகத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வெளியே புதுப் பெயிண்ட் பளபளத்தது. உள்ளே எஞ்சின் மூச்சு முட்டிக் கிடந்தது.

மெக்கானிக், புகை வெளியேறும் ‘எல்போ’ என்ற அந்த வளைந்த குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கட்டைவிரல் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். உப்பும் கரியும் துருவும் கலந்து உள்ளே கல்லாக இறுகியிருந்தன.

“சார், கடலுக்குப் போய்ட்டு வந்ததும் நல்ல தண்ணி விட்டு அஞ்சு நிமிஷம் ஓட்டுவீங்களா?”

“நானே ரெண்டு நாளைக்கு ஒருதரம்தான் குளிக்கிறேன். இதுக்கு தினம் குளியலா?”

“அதான் எஞ்சினுக்கும் உங்க வாசனை அடிக்குது,” என்றாள் நாத்தனார்.

“அண்ணி பேசாம வேலை பாக்குறா, நீ என்னடி?” என்று வெல்டர் தங்கையை அதட்டினார். ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பட்டறை ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம் அது. போதாததற்கு நாத்தனாரும் அவள் புருஷனும் கடல் பிழைப்பு போய் எட்டு மாதமாக இவர்கள் வீட்டோடு இருந்தார்கள். ஒரே அறை, நடுவில் ஒரு புடவைத் திரை, நாலு பேர்.

மெக்கானிக் உளியால் தட்டிக் கல்லை உடைத்தாள். எல்போவை ஆசிட் கலந்த வாளியில் முக்கினாள். நுரை பொங்கி அடங்கியதும் எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். சோடா உப்புத் தண்ணீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினாள். கடைசியாக உள்ளே விரலை விட்டுத் தடவினாள்.

விரல் நின்றது. இன்னொரு முறை தடவினாள்.

“ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க.”

வெல்டர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பார்த்தவர் நிமிர நேரமாயிற்று.

“என்ன, ஓட்டையா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“இல்ல சார், கெட்டியாத்தான் இருக்கு,” என்றாள் மெக்கானிக். “ ஏன் சார், இது செகண்ட் ஹேண்டா?”

“என்னைப் பார்த்தா பழசு வாங்குற மூஞ்சியா தெரியுது? கம்பெனிப் பெட்டியை நானே பிரிச்சு நானே மாட்டினது. வேற எவன் கையும் இதுல பட்டதில்ல. எழுதித் தரட்டுமா?”

“வேணாம் சார், நீங்க சொன்னாப் போதும்.”

அவள் நாத்தனாரைத் தனியே கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “புது கேஸ்கெட் வேணும், ஓடு!” என்றாள். நாத்தனார் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

“இந்த எஞ்சின் நம்ம வாசலைத் தாண்டக் கூடாது,” என்று மெக்கானிக் தன் புருஷனிடம் மெல்லச் சொன்னாள்.

“தாண்டினா நான் மீசையை எடுத்துடறேன்.”

அரை மணி நேரம் போயிற்று. கண்ணாடிக்காரருக்குப் பொறுமை போயிற்று.

“கேஸ்கெட் வாங்கப் போனாளா, செய்யப் போனாளா? அப்படியே மாட்டிக் கொடு. இல்லேன்னா எதிர்ப் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போறேன். டேய், லாரியை ரிவர்ஸ் எடு!”

வெளியே லாரி உறுமியது. வெல்டர் எழுந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் எல்போவைத் துடைத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“போங்க சார், தாராளமாப் போங்க. ஆனா போறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. எதிர்ப் பட்டறையில இப்படி எடுப்பாங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். கல்லடைத்திருந்த குழாய் உட்பக்கம் முழுக்க வெள்ளி மாதிரி மின்னியது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த வெளிச்சம் வளைவு முழுக்க வழுக்கி ஓடியது.

“அட!” என்றார் வாய்விட்டு. “கைகாரிதான் நீ.”

“வெளிய சூடு தாங்குற பெயிண்ட் ஒரு கோட் அடிச்சுட்டா அப்புறம் துரு கிட்டயே வராது. பத்து நிமிஷ வேலை. உள் ரூம்ல கறுப்பு ஒரு டப்பா, வெள்ளி ஒரு டப்பா இருக்கு. உங்க எஞ்சின், உங்க இஷ்டம். நீங்களே பார்த்து எடுத்துட்டு வாங்க.”

அவர் லாரிக்காரனிடம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். தலைக்கனம் இறங்காமலே உள் அறைக்குள் போனார். ஜன்னலில்லாத சின்ன அறை.

“வெள்ளிதாம்மா! வாங்க வர்றவன் கண்ணு கூசணும்!”

மெக்கானிக் எல்போவோடு அறை வாசலில் வந்து நின்றாள்.

“சார், இதுக்குள்ள ஒரு ஒட்டு இருக்கு. போன வருஷம் ஓட்டை விழுந்தப்ப என் வீட்டுக்காரர் வச்சது. அவர் இடதுகைக்காரர், அவர் வைக்கிற வெல்டிங் வரி எதிர்ப்பக்கமா ஓடும். எஞ்சின் நம்பரைத் தேய்ச்சு அழிச்சீங்க, பெயிண்ட் அடிச்சீங்க, உள்ளே மட்டும் கழுவாம விட்டுட்டீங்க. எட்டு மாசத்துக்கு முன்னாடி நீங்க தூக்கிட்டுப் போனது என் நாத்தனார் படகு எஞ்சினை. அவ இப்ப கேஸ்கெட் வாங்கப் போகல சார், போலீஸைக் கூட்டிட்டு வரப் போயிருக்கா.”

டப்பா கீழே விழுந்து உருண்டது. அவர் திரும்புவதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.