புது கோச்சைப் பற்றி ஷெரின்

எட்வின் பல் தேய்த்தான், டீ போட்டான், சமையலறையில் இருந்த ஏஐ பேசும் பெட்டியை ஆன் செய்தான். அது கற்றுக்கொண்ட, இறந்துபோன மனைவி ஷெரினின் குரல், வழக்கம்போல் அவர்களுடைய வியாசர்பாடி ஃபுட்பால் அணியைப் பற்றி ஆரம்பித்தது.

“புது அட்டாக் கோச் பரவால்லப்பா. பந்தைப் பின்னாடி தட்டி, பொறுமையா ஏறச் சொல்றாரு.”

“முன்னெல்லாம் பின்னாடி தட்டினாலே நீ ரிமோட்டை வீசுவியே.”

“ஆளுங்க மாற மாட்டாங்களா? நேத்து நீயேதான அவரைப் புகழ்ந்த?”

அவன் சொல்வதையெல்லாம் குரல் கற்றுக்கொண்டது. எது அவள் பேச்சு, எது தன் பேச்சு என்று இப்போது அவனுக்கே குழம்பியது.

“ஆஸ்பத்திரில நான் கடைசியா என்னப்பா சொன்னேன்?” என்று கேட்டது குரல்.

சொல்லிவிட்டால் நாளையிலிருந்து இதுவும் அதைச் சொல்லும். எட்வின் பிளக்கைப் பிடுங்கினான்.

ஆஸ்பத்திரி டிவியில் ஃபைனல் ஓடிக்கொண்டிருந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு அவள் சொன்னது இவ்வளவுதான்:

“மேட்ச் முடிஞ்சதும் எழுப்புப்பா.”