நேரில் வரத் தேவையில்லை

“கையில என்ன சார் அது? காட்டுங்க பார்க்கலாம்.”

மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்த குமாஸ்தா திடுக்கிட்டுத் திரும்பினார். ஒரு கையில் யாருடைய போனோ. மறு கையில் ஒரு பொட்டலம். எதிரே கையைப் பிசைந்துகொண்டு பழவண்டிக்காரி.

சூப்பிரண்டு மேடத்துக்குக் கோபம் தலைக்கேறியது.

நகரத்து உரிமப் பிரிவை முழுக்க ஆன்லைனுக்கு மாற்ற அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கவுண்ட்டர்களை மூடி, கம்ப்யூட்டர்காரர்களோடு மல்லுக்கட்டி, வாசலில் ‘நேரில் வரத் தேவையில்லை’ என்று போர்டும் மாட்டியாயிற்று. ஆளை ஆள் பார்த்தால்தானே லஞ்சத்துக்குக் கை நீளும்?

இந்த மனிதர் மட்டும் மத்தியானமானால் யாரையாவது கூட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் ஒதுங்கிவிடுகிறார் என்று ஆபீஸே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

“ரெண்டு பழம் மேடம். வேண்டாம்னுதான் சொல்லிட்டிருந்தேன்.”

“பழத்துலதான் எல்லாம் ஆரம்பிக்கும்.”

“இல்ல மேடம். இவங்க எழுத்துக்கூட்டிப் படிக்கறதுக்குள்ள லைசென்ஸ் பாரம் மறுபடி முதல் பக்கத்துக்கே போயிடுது. ஓ.டி.பி. வந்தா, யாரோ ஏமாத்தறாங்கனு பயந்து அழிச்சிடறாங்க. அதான் நானே போட்டுக் குடுத்துட்டிருக்கேன்.”

“சும்மா?”

“சும்மாதான்.”

“ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் சும்மா செய்ய நீங்க என்ன அவங்க தாய்மாமனா?”

பழவண்டிக்காரி குறுக்கே வந்தாள். “அம்மா, அவரு ஒண்ணும்...”

“நீ பேசாதேம்மா. இப்படி ஒருத்தர் செஞ்சு குடுத்துக்கிட்டே இருந்தா நீங்கல்லாம் எப்பத்தான் கத்துக்குவீங்க? படிச்சவங்க, படிக்காதவங்க, எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்.”

அந்த வாரமே குமாஸ்தாவை ஊர்க்கோடியிலிருந்த குழாய்க் கிடங்குக்குத் தூக்கியடித்தார்கள். போகிற அன்று அவர் மேடத்தின் மேஜை முன்னால் வந்து தயங்கி நின்றார்.

“மேடம், அந்தப் பழக்காரம்மாவோட லைசென்ஸ் பாதியில நிக்குது. போட்டோ மட்டும் ஏத்தணும். மாசக் கடைசி தாண்டினா...”

“அதை அவங்க பார்த்துப்பாங்க.”

மாதம் பிறந்தது. ஆணையரின் கூட்டத்துக்காகக் காலையிலேயே கிளம்பிய சூப்பிரண்டு மேடம், மார்க்கெட் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஒரே கூச்சல். மாநகராட்சி லாரியில் ஒரு தள்ளுவண்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரோடெல்லாம் ஆரஞ்சு உருண்டது.

“லைசென்ஸுக்குப் போட்டிருக்கேன்யா! ஆபீஸ்ல அந்த சாரைக் கேட்டுப் பாருங்க!”

“எந்த சார்? போன்ல இருந்தா காட்டு.”

பழவண்டிக்காரி காட்டினாள். ‘முழுமையடையாத விண்ணப்பம். ரத்து செய்யப்பட்டது’ என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அது என்னவென்று அவளுக்கே மாநகராட்சி இன்ஸ்பெக்டர்தான் வாசித்துச் சொன்னார்.

அப்போதுதான் அவள் சூப்பிரண்டு மேடத்தைப் பார்த்தாள். ஓடி வந்தாள்.

“அம்மா, அந்த சார் எங்கம்மா? எத்தனையோ நாள் வந்துட்டேன். வாட்ச்மேன் உள்ளேயே விடமாட்டேங்கறான். போர்டைப் போர்டைக் காட்டறான்.”

“எனக்கு மீட்டிங்குக்கு நேரமாச்சும்மா. ஆன்லைன்ல ஒரு புகார் குடுங்க.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் மரச்சட்டம் முறிகிற சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

கூட்டத்தில் ஆணையர் திரையைக் காட்டிப் பூரித்துப்போனார்.

“தள்ளுவண்டி லைசென்ஸைப் பாருங்க! தேங்கி நிக்கற விண்ணப்பம் ஒண்ணுகூட இல்ல! மத்த பிரிவுலல்லாம் மலை மாதிரி கிடக்கு. எப்படிம்மா சாதிச்சீங்க?”

எப்படி என்று அவளுக்குத் தெரியும். குமாஸ்தா போன பிறகு தள்ளுவண்டிக்காரர்களிடமிருந்து ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. வந்தால்தானே தேங்குவதற்கு? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இடையில ஆளுங்க தலையிடறதை அடியோட நிறுத்தினேன் சார். அவ்வளவுதான்.”

கைதட்டல் ஓய வெகுநேரமானது.

வராந்தாவுக்கு வந்ததும் போன் அடித்தது. பெயின்ட் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன்.

“என்னம்மா உங்க ஆன்லைன்! கடை லைசென்ஸைப் புதுப்பிக்கறதுக்குள்ள உயிர் போகுது. நாலு தடவை போட்டேன், நாலு தடவையும் திருப்பி அனுப்பிடுச்சு. எங்க அமுக்கறது, எதை ஏத்தறதுன்னு ஒரு எழவும் புரியல.”

அவள் சிரித்தாள்.

“நீங்க எதுக்குண்ணே இதோடெல்லாம் மல்லுக்கட்டிக்கிட்டு? ஓ.டி.பி. வந்தா மட்டும் சொல்லுங்க. நானே போட்டுடறேன்.”