எழுபத்தேழாம் பக்கம்

“யாரைக் கேட்டு அந்த வரியை எடுத்தேம்மா?”

சர்வேயர் சாருக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

வந்ததே எனக்கும் கோபம்! “பொய்னு தெரிஞ்சே எப்படி சார் டைப் அடிக்கிறது?”

நிலம் அளந்தே ரிட்டயர் ஆன மனுஷன். மனைவி போனப்புறம் என் டைப்பிங் கடைக்கு மேல்மாடியில தனியா இருக்கார். அவர் வாழ்க்கைக் கதையை நான்தான் புத்தகமாக்கித் தர்றேன்.

“பாலம் நாற்பத்திரண்டு அடி இல்லம்மா, நாற்பத்தொண்ணரை”ன்னு படியிறங்கி வந்து திருத்துவார். அரை அடிக்கு என் உயிரை வாங்குவார்.

அப்பேர்ப்பட்டவர் எழுபத்தேழாம் பக்கத்துல எழுதியிருந்தார்: ‘ஞாயிறு தவறாமல் என் மகன் வந்துவிடுவான். இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம்.’

மாடிக்குப் போறவங்க என் மேஜையைத் தாண்டித்தான் போகணும். கடை போட்டு ஆறு வருஷமாச்சு, ஒரு ஈ காக்கா ஏறினதில்லை. மகன் இருக்கிறது என்னமோ நாலு தெரு தள்ளித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆனா, திருத்த ஒண்ணுமே இல்லாட்டியும் சார் பேப்பரைத் தூக்கிட்டு வந்து என் எதிர் நாற்காலியில உட்கார்ந்துடுவார். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். பார்க்கவே எனக்குத் தாங்காது.

“எட்டிப் பார்க்காத மகனுக்கு எதுக்கு சார் இவ்வளவு நல்ல பேரு? நாலு பேர் மெச்சிக்கணுமா?”

“நாலு பேருக்கு எங்கேம்மா கொடுக்கப் போறேன்? ஒரே ஒரு காப்பி போதும்னு முதல்லயே சொன்னேனே.”

“அந்த ஒண்ணு யாருக்கு? மகனுக்கா? படிச்சாவது உறைக்கட்டும்னா?”

இல்லைன்னு தலையாட்டினார்.

“பேரனுக்கு. இப்போ மூணு வயசுதான். பெரியவனானதும் படிப்பான்.”

“நல்லாப் போச்சு! அப்போ உண்மையைத்தானே சார் எழுதணும்?”

கண்ணாடியைக் கழற்றித் துடைச்சார். குரல் ரொம்ப இறங்கிடுச்சு.

“அப்பா தாத்தாவைப் பார்க்கப் போனதே இல்லைன்னு படிச்சா, அவனும் அதையேதானேம்மா செய்வான்? என் பிள்ளைக்கும் ஒருநாள் வயசாகும். அவனும் ஞாயிற்றுக்கிழமையில இப்படி யார் கடையிலயாவது வந்து உட்காரணுமா?”