மாடி வீட்டுத் துரை

“இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுதான் வருவேன்!” செயலாளர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

குடியிருப்போர் சங்கத்துக்கே செயலாளர். அவர் தலைக்கு மேலேயே, மாடி வீட்டில், பகலெல்லாம் ஒரு மெஷின் கொர்ரென்று ஓடினால் கோபம் வராதா? பச்சைக் குழந்தையோடு வந்திருக்கும் மகளால் கண்ணை மூட முடியவில்லை.

“சண்டை போடாம பேசுங்கப்பா,” என்றாள் மகள்.

“அந்தத் துரைகிட்டயா? குடிவந்த அன்னிக்கு நான் கை நீட்டறேன், பேன்ட் பாக்கெட்லேருந்து கையை எடுக்காம தலையை மட்டும் ஆட்டறான். அவ்வளவு திமிர்!”

மாடியில் கதவு திறந்தேயிருந்தது. துரைக்கு அப்போதும் வலது கை பாக்கெட்டில்தான். மேஜைமேல் அந்த மெஷின், பிளாஸ்டிக்கை நூல் நூலாக உருக்கி எதையோ அடுக்கிக்கொண்டிருந்தது.

“நிறுத்துங்க இதை! இல்லேன்னா கீழே போய் மெயினை அணைச்சிடுவேன்.”

துரை பதறிவிட்டார். “ஐயோ, வேண்டாம் சார்! பாதியில நின்னா மொத்தமும் வீண். மறுபடி முதல்லேருந்து போடணும். நாளைக்கு இது பார்சல்ல போயே ஆகணும்.”

“குடியிருக்கற வீட்டுல பொம்மை வியாபாரமா?”

“பொம்மை இல்லை சார். கை.”

செயலாளர் அப்போதுதான் மேஜையைச் சரியாகப் பார்த்தார். சின்னச் சின்னக் கைகள். மஞ்சள், பச்சை, ஊதா. விரல்களுக்குள் மெல்லிய கயிறு ஓடியது.

“விரல் இல்லாம பொறந்த குழந்தைங்களுக்கு சார். மணிக்கட்டை மடக்கினா கயிறு இழுத்து விரல் மூடிக்கும். யாரோ ஒருத்தர் வரைஞ்சு, எல்லாரும் எடுத்துக்கோங்கன்னு இன்டர்நெட்ல விட்டுட்டார். ஏதோ ஒரு தேசத்துலேருந்து ஒரு அம்மா அளவு அனுப்புவாங்க. உலகம் பூரா வீட்டுல மெஷின் வெச்சிருக்கற எங்களை மாதிரி ஆளுங்கள்ல, யாருக்கு முடியுதோ அவங்க செஞ்சு அனுப்பிடுவோம். காசெல்லாம் கிடையாது.”

“நாளைக்குப் போறது?”

“ஒரு பையனுக்கு. பள்ளிக்கூடம் திறக்கப் போகுது. புதுக் கை வந்தாதான் போவேன்னு அடம் பிடிக்கறானாம்.”

துரை செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். எந்த ஊரோ, என்ன மொழியோ. ஒரு சிறுமி ஊதா நிறக் கையால் கோப்பையைப் பிடிக்கப் பார்த்தாள். நழுவியது. மறுபடி பிடித்தாள். மெல்லத் தூக்கி, சிந்தாமல் குடித்தாள். படத்துக்கு வெளியே அவள் தாய் விசும்பிக்கொண்டே சிரிப்பது கேட்டது.

செயலாளருக்கு உடம்பு சிலிர்த்தது. அன்று காலை பேரன் அவர் விரலைப் பிடித்தது இப்படித்தான். இத்தனை நாள் சபித்துக்கொண்டிருந்த சத்தமா கடல் தாண்டிப் போய் ஒரு பிள்ளைக்குக் கையாகியிருக்கிறது? இந்த ஒற்றை அறையிலிருந்தா? என்ன உலகமடா இது என்று பிரமித்துப்போய் நின்றார்.

“மன்னிச்சிடுங்க சார்.” தன்னையறியாமல் கையை நீட்டிவிட்டார்.

துரை தயங்கினார். பிறகு பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்தார்.

பாதி உள்ளங்கையோடு முடிந்திருந்தது. விரல்களே இல்லை.

செயலாளர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். “ஊருக்கெல்லாம் செய்யறீங்களே... உங்களுக்கு ஒண்ணு செஞ்சுக்கக் கூடாதா?”

“அதுக்குன்னுதான் சார் மெஷினே வாங்கினேன்,” துரை கூச்சத்தோடு சிரித்தார். “ஆரம்பிக்கலாம்னு உக்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு குழந்தையோட அளவு வந்துடுது. என் கை எப்பவும் இதே அளவுதானே, காத்துக்கிட்டு இருக்கும். அவங்க கை வளந்துட்டே இருக்கே சார்!”